கோட்டை முழக்கம் தனசேகரன் கொள்ளு கேட்ட கதை

செஞ்சியில் தனசேகரனைத் தெரியாதவர்கள் கிடையாது. நெற்றி நிறையக் குங்குமம், முறுக்கிவிட்ட மீசை, முதுகுக்குப் பின்னால் ராஜகிரிக் கோட்டை படம் போட்ட திரை. அவனுடைய யூடியூப் சேனலுக்குப் பெயர் ‘கோட்டை முழக்கம்’. ஆனால் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால், போனில் பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வல்லம் போகிற சாலையில் போய் உள்ளே திரும்பினால் ஈச்சந்தாங்கல். அங்கே கீழ்த்தெரு அரிகிருஷ்ணனின் ஒரே மகன் இவன். அரிகிருஷ்ணன் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. மூன்று ஏக்கர் நிலம், ஒரு போகம் நெல், ஒரு போகம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அரிகிருஷ்ணன் கட்டியது அவலூர்பேட்டைப் பெண் மீனம்பாளை. மீனம்பாளுக்கு அண்ணன் ஒருவர், செஞ்சியில் மைக் செட் கடை வைத்திருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. தனசேகரனுக்கு ஒன்பது வயது நடக்கும்போது மீனம்பாள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மாமன் பையனைச் செஞ்சிக்குக் கூட்டிப் போய்விட்டார். தங்கை ரஞ்சனி கைக்குழந்தை. அவள் ஊரில் அப்பாவோடு வளர்ந்தாள்.

அதனால் தனசேகரன் ஊருக்கு வருவதெல்லாம் பொங்கலுக்கும் திரௌபதி அம்மன் தீமிதிக்கும்தான். தீமிதியன்று சாயந்திரம் வருவான், மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவான். கொடியேற்றம், காப்புக் கட்டு, பாரதம் படிப்பது, கூத்து என்று அதற்கு முன்னால் நடக்கிற எதையும் அவன் பார்த்ததில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் இதுதான்.

பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு நின்றான். குரல் மட்டும் அப்படி ஒரு குரல். மாமன் ஆட்டோவில் குழாய் ரேடியோவைக் கட்டி அவனை உட்கார வைத்தார். புதுக் கடை திறப்பா, ஜவுளித் தள்ளுபடியா, இறப்புச் செய்தியா, எல்லாம் தனசேகரன்தான். அவன் இறப்புச் செய்தி வாசித்தால், செத்தவரைத் தெரியாதவர்கள்கூட வாசலுக்கு வந்து நிற்பார்கள். பிறகு உள்ளூர் கேபிள் டிவியில் செய்தி வாசித்தான். அந்தச் சமயத்தில்தான் சுமலதாவைக் கட்டினான். அவள் பி.காம். படித்தவள், திண்டிவனத்துப் பெண், கணக்கும் கம்ப்யூட்டரும் தெரியும். கேபிள் டிவியைப் பார்க்க ஆளில்லாமல் போனபோது, “ஏங்க, போன்லயே போடலாமே” என்று சொன்னவள் அவள்தான்.

முதல் வீடியோ பஸ் நிலையத்துக் குப்பையைப் பற்றியது. இருநூறு பேர் பார்த்தார்கள். இரண்டாவது, ஏரி மதகு உடைந்தது. முந்நூறு பேர். ஆறு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் கோபத்தில், முஸ்லிம்கள் கடைவீதியில் இடம் பிடிக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்குக் கடை இல்லை என்று மேசையைத் தட்டிக் கத்தினான். மறுநாள் காலையில் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். சுமலதா போனைக் கொண்டுவந்து காட்டினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவன் குப்பையைப் பற்றிப் பேசவேயில்லை.

“இந்தத் தெருவில் வாங்காதீர்கள்” என்று கடை கடையாகப் படம் பிடித்துப் போட்டான். வடநாட்டுக்காரர்கள், வேற்றுச் சாதியில் கட்டிக்கொண்ட பிள்ளைகள், யார் கிடைத்தாலும் விடவில்லை. வீடியோ எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் சுமலதா. “இதுல சத்தம் கம்மியா இருக்குதுங்க, இன்னொரு தபா எடுக்கலாமா?” என்பாள். ரசித்தவர்கள் உண்டு. மறைப்பானேன், நம் வகையறாவிலேயே உண்டு. ஒரு தடவை போலீஸ் பிடித்துப் பதினெட்டு நாள் உள்ளே வைத்தது. வெளியே வந்தபோது மாலை, மேளம், வேட்டு. உள்ளே போகும்போது ஒரு லட்சம் பேர் சேர்ந்திருந்த சேனலில், திரும்பி வந்தபோது இரண்டரை லட்சம் பேர் இருந்தார்கள்.

பணம் வந்தது. மனை விற்கிறவர்கள் விளம்பரம் கொடுத்தார்கள். முகம் தெரியாத ஆட்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பினார்கள். வெளியூர் மேடைக்குக் காரும் கவரும் வந்தன. திண்டிவனம் சாலையில் மாடி வைத்து வீடு கட்டினான். வெள்ளைக் கார் வாங்கினான். சுமலதாவின் கழுத்தில் ஏறியது ஏறிக்கொண்டே இருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த அரிகிருஷ்ணன் இரண்டே நாளில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“ஏன் நைனா, இன்னா கொறை?”

“கொறை ஒண்ணும் இல்லடா. படுக்கிற ரூமுக்குள்ளயே கக்கூஸ் வச்சிக்கிற. எனக்குத் தூக்கம் வர்ல.”

மகன் போனில் என்ன பேசுகிறான் என்று அவருக்குத் தெரியாது. பெரிய ஆளாகிவிட்டான், பெரிய ஆட்கள் வருகிறார்கள், கார் இருக்கிறது. அவருக்கு அது போதும்.

போன வருஷம் மாசி மாதம் ஒரு ரசிகர் தனசேகரனுக்குப் படம் ஒன்று அனுப்பினார். அவலூர்பேட்டைப் பக்கம் புங்கனேரி திரௌபதி அம்மன் கோயில் வாசல். வாசலுக்கு இடப்பக்கம் சின்ன மாடம், அதன் மேலே கும்மட்டம், பளபளவென்று புதுப் பச்சைப் பெயிண்ட். தனசேகரன் காரை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றே கத்தினான். “அம்மன் வாசலில் பச்சை! யார் கட்டினது? எந்தத் தைரியத்தில் கட்டினது? இன்னைக்கு வாசல், நாளைக்குக் கருவறை!” ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அவன் போட்டதிலேயே அதுதான் பெரியது. அதைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்து பெரிய சேனல் ஒன்றின் மேலாளர் போன் செய்தார். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு விவாதம், நடத்துவது தனசேகரன். மாதச் சம்பளம் கேட்டபோது சுமலதா சுவரைப் பிடித்துக்கொண்டாளாம். சித்திரை பத்தாம் தேதிக்கு மேல் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று பேச்சு.

சென்னைக்காரர் போனை வைத்த மறுநாள் இன்னொரு போன். புங்கனேரி காமராஜ். ரஞ்சனியைக் கொடுத்த வீட்டுப் பெரியவர், தனசேகரனுக்கு மாமன் முறை.

“மாப்ள, நீ போட்டது எங்க கோயிலு, தெரியுமா?”

“தெரியும் மாமா. உங்க ஊருக்காகத்தான் பேசினேன். எவனோ வந்து பச்சை அடிச்சிட்டு…”

“எவனோ இல்ல, நான்தான் அடிச்சேன். வூட்டு கேட்டுக்கு வாங்குன பெயிண்ட்டு மீந்துச்சு. அந்த மாடத்துல ராவுத்தர் சாமி இருக்குது. எங்க பாட்டன் காலத்துல இருந்து அங்கதான் இருக்குது. இப்ப மூணு நாளா பைக்குல பசங்க கடப்பாரையோட வந்துகினு இருக்கானுங்க. ஊரே முறை போட்டுக் காவல் காக்கறோம். உன் தங்கச்சி எனக்கு சோறு போடறப்ப என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது.”

“அது நம்ம கோயில்ல எதுக்கு மாமா?”

“போய் உங்க நைனாவக் கேளு, போ.”

தனசேகரன் கேட்கவில்லை, வீடியோவை நீக்கவும் இல்லை. சென்னைக்காரருக்குப் பிடித்ததே அந்த வீடியோதான். ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியாமல் போனது. பங்குனி நடுவில் அரிகிருஷ்ணன் மோட்டார் கொட்டகைப் படியில் சறுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தவர், சித்திரை பிறந்ததும் மகனைக் கூப்பிட்டனுப்பினார்.

தனசேகரன் போனபோது அங்கே பங்காளி ராஜாராமும் இருந்தார். அரிகிருஷ்ணனின் பெரியப்பா பேரன் அவர், தனசேகரனுக்கு ஐந்து வயது மூத்தவர்.

“வெள்ளிக்கெழமை கொடியேத்தம்,” என்றார் அரிகிருஷ்ணன். “இந்த வருசம் நீதான் காப்பு கட்டிகினு கொள்ளு வாங்கியாறணும். எனக்கு அப்புறம் நீதான். நம்ம வூட்டு முறை.”

“எந்தக் கொள்ளு நைனா?”

ராஜாராம் சிரித்துவிட்டார். “கேக்கறான் பாரு சித்தப்பா. கோட்டையவே முழக்கறான், கொள்ளு தெரியல.”

அரிகிருஷ்ணன் சொன்னார். அம்மன் கோயில் வாசலில், வேப்பமரத்தடியில் ஒரு கல்லும் மண்குதிரையும் இருக்கிறதே, பிள்ளையாக இருந்தபோது தனசேகரன் ஏறி விளையாடியது, ‘வாசக்கார சாமி’ என்று எல்லோரும் கும்பிடுவது, அதுதான் ராவுத்தர். முஸ்லிம் வீரர். அம்மனுக்குக் காவலாக நிற்கிறவர். அவருக்குக் கொள்ளும் சுருட்டும் வைத்த பிறகுதான் கொடி ஏறும். கொள்ளு எங்கே வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. குதிரை வளர்த்த வீட்டுக் கொள்ளாக இருக்க வேண்டும். செஞ்சியில் ஜட்கா வண்டி வைத்திருந்த மதார் பாய் வீடு நான்கு தலைமுறையாகக் கொடுக்கிறது. குதிரை போய் அந்த இடத்தில் பஞ்சர் கடை வந்த பின்னும் கொடுக்கிறது.

“அந்தப் பஞ்சர் கடையா?” என்றான் தனசேகரன்.

அவனுக்கு அந்தக் கடை நன்றாகத் தெரியும். “இந்தத் தெருவில் வாங்காதீர்கள்” வீடியோவில் மூன்றாவது கடை. போர்டைக் கிட்டத்தில் காட்டியிருந்தான். அதற்குப் பிறகு நான்கு மாதம் அந்தக் கடையில் வண்டியே நிற்கவில்லை. மதார் பாயின் மகன் தொழிலை விட்டுவிட்டுப் பெங்களூருக்குக் கிளம்பிப் போனான்.

“கடைக்கு எதுத்தாப்புல நடுத்தெருவுல நிக்கணும்,” அரிகிருஷ்ணன் சொல்லிக்கொண்டே போனார். “செருப்பு கூடாது, தலையில ஒண்ணும் கூடாது. ‘குதிரை பசியா நிக்குது, கொள்ளு குடுங்க’ன்னு கேக்கணும். அவரு, ‘எங்க நிக்குது?’ம்பாரு. ‘அம்மன் வாசல்ல’ன்னு சொல்லு. ‘யாரு குதிரை?’ம்பாரு. ‘எங்க ராவுத்தர் குதிரை’ன்னு சொல்லணும். மூணு தபா. உள்ள இருக்கிறவருக்குக் கேட்டா பத்தாது. எதிர் சாரிக்குக் கேக்கணும். வேற ஆளு போனா குடுக்க மாட்டாரு. காப்பு கட்டனவன் வாயால கேக்கணும்.”

தனசேகரன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெள்ளிக்கிழமை செஞ்சியில் ஆட்டுச் சந்தை. எல்லார் கையிலும் போன். நடுத்தெருவில் நின்று கோட்டை முழக்கம் தனசேகரன் ‘எங்க ராவுத்தர்’ என்று மூன்று தடவை கத்தினால், சாயந்திரத்துக்குள் சென்னை வரை போய்விடும். அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

“முடியாதுன்னா சொல்லிடு,” என்றார் ராஜாராம். “நான் வாங்கியாறேன். ஆனா ஒரு வருசம் கை மாறுனா அப்புறம் எங்க வூட்டு முறைதான். ஊரு கட்டு அப்படித்தான் இருக்குது.”

“நீ இன்னா நைனா சொல்ற?”

“நான் இன்னா சொல்றது. வாங்கினா நீ, வாங்காட்டி அவன். கொடி ஏறாம இருக்கக் கூடாது, அவ்ளோதான்.” சொல்லிவிட்டு அவர் காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பா சண்டை போட்டிருந்தால் தனசேகரனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த ஊரில் அவனுக்கென்று மிச்சம் என்ன இருந்தது? வீட்டை ரஞ்சனி பெயருக்கு எழுதியாயிற்று. அவனே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான். நிலம் குத்தகையில். ஒன்பது வயதிலிருந்து அவன் ஈச்சந்தாங்கலுக்கு விருந்தாளி. கொடியேற்றத்தன்று கோயில் வாசலில் முறைக்காரர்களை ஒவ்வொருவராகத் தகப்பன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த வரிசையில் வர அவனுக்கு இருந்த ஒரே வழி இந்தக் கொள்ளு.

புதன்கிழமை காப்புக் கட்டினார்கள். கட்டிக்கொண்டான். கொள்ளு விஷயத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்தான்.

முதலில் மளிகைக் கடையில் முதல் தரமான கொள்ளு அரை மூட்டை வாங்கி ஆட்டோவில் அனுப்பிவைத்தான். அரிகிருஷ்ணன் ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். “நல்லா இருக்குது. ரசம் வையுங்க,” என்று, அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மகளிடம் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை சுமலதாவை மதார் பாய் கடைக்கு அனுப்பினான். அவள் முக்காடு மாதிரிப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். மதார் பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, எதிர்க் கடையில் டீ சொன்னார்.

“உக்காரும்மா. அரிகிருஷ்ணன் அண்ணனுக்குக் கால் எப்படி இருக்குது?”

“கட்டுப் போட்டிருக்குது பாய். நடக்க ரெண்டு மாசம் ஆவுமாம். கொள்ளு விசயமா வந்தேன்.”

“கொள்ளு பொடைச்சி, கல்லு பொறுக்கி, கட்டி வச்சிட்டேன். கேக்கறவங்க வந்து கேட்டா குடுத்துட வேண்டியதுதான்.”

“அவருக்கு ஒடம்பு சரியில்ல பாய். நான் வாங்கினு போறனே.”

“இன்னா ஒடம்புக்கு?”

சுமலதாவுக்குப் பொய் வரவில்லை. “பயம் பாய்,” என்றாள்.

மதார் பாய் சிரிக்கவில்லை. “எனக்கும் இருந்துச்சும்மா, நாலு மாசம்,” என்றார். “டீ ஆறுது, குடி.”

வெறுங்கையோடு வந்தவள் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், “அந்தக் கடை போர்ட நான்தான் கிட்டத்துல எடுத்தேன். அந்த ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சிட்டு வந்துக்கறேன். இனிமே என்ன எங்கயும் அனுப்பாதீங்க,” என்றாள்.

“சென்னை வேலை போயிடும் சுமா.”

“போவும்.”

“அப்படியே சொல்றியே!”

“வேற எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க, எது வேணும்னு. ராஜாராம் மாமாவுக்குப் போன் பண்ணட்டா?”

“பண்ணாத,” என்றான் தனசேகரன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. சந்தை முடிந்து, ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்களும் டெம்போவில் ஏற்றுகிறவர்களுமாகத் தெரு நெரிந்துகொண்டிருந்தது. மதார் பாய் தண்ணீர்த் தட்டில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, வெறுங்கால், தோளில் துண்டு, தலையில் ஹெல்மெட். ஒரு ஆள் வந்து நின்றான்.

“பஞ்சரா?” என்றார் மதார் பாய், தலையை நிமிர்த்தாமல்.

“இல்ல பாய். நான்…”

“வண்டிய எங்க?”

“வண்டி இல்ல. கொள்ளு.”

மதார் பாய் டியூபைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “நடுத்தெருவுக்குப் போ தம்பி. தலையில இருக்கிறதக் கழட்டு.”

தனசேகரன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கடைப் படியில் வைத்தான். மீசையைப் பார்த்ததும் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். “டேய், கோட்டை முழக்கம்டா!” போன்கள் மேலே வந்தன.

“குதிரை பசியா நிக்குது,” என்றான். “கொள்ளு குடுங்க.”

“டீக்கடைக்காரரே, கேட்டுச்சா?”

“ஒண்ணும் கேக்கல பாய்,” என்றார் டீக்கடைக்காரர் உள்ளேயிருந்து.

ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர், “இன்னாய்யா, போன்ல அம்மாம் சத்தம் போடற? இன்னிக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?” என்றார். தெரு சிரித்தது.

தனசேகரன் துண்டை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். மாமன் ஆட்டோவில் உட்கார்ந்து இறப்புச் செய்தி வாசித்த காலத்தில் எப்படி அடிவயிற்றிலிருந்து எடுப்பானோ அப்படி எடுத்தான்.

“குதிரை பசியா நிக்குது! கொள்ளு குடுங்க!”

“எங்க நிக்குது?” மதார் பாய் கடை வாசலில் நிமிர்ந்து நின்று கேட்டார்.

“அம்மன் வாசல்ல நிக்குது!”

“யாரு குதிரை?”

ஆடு ஒன்று கத்தியது.

“எங்க ராவுத்தர் குதிரை!”

இரண்டாவது தடவை கேட்டபோது ஆட்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது தடவை பஸ் நிலையத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டதாம். மதார் பாய் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து, மரக்காலில் அளந்து, உள்ளங்கையால் தலை தட்டி, துண்டில் கொட்டினார். ஒரு மணி கீழே சிந்தவில்லை.

தனசேகரன் துண்டை முடிந்துகொண்டு, “பாய், அந்த வீடியோ…” என்று ஆரம்பித்தான்.

“கொள்ளு வாங்கனவன் வாசல் போய்ச் சேர வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது,” என்றார் மதார் பாய். “உங்க நைனா சொல்லலியா? போ, நேரமாவுது.”

அவன் கொள்ளு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வல்லம் சாலையில் நடந்தான். சித்திரை வெயில். தார் கொதித்தது. அவன் ஊர் எல்லையைத் தொடுவதற்குள் வீடியோ எங்கெல்லாமோ போய்விட்டது. போனை வீட்டில் சுமலதாவிடம் விட்டிருந்தான். அது அடித்துக்கொண்டே இருந்தது. திட்டுகிறவர்கள், அழுகிறவர்கள், காசைத் திருப்பிக் கேட்கிறவர்கள். பதினொன்றரைக்குச் சென்னை மேலாளர்.

“மேடம், சார் எங்க? என்ன இது? மிரட்டிப் பேச வச்சாங்களா? அப்படின்னா சொல்லுங்க, உடனே ஒரு நிகழ்ச்சி பண்ணிடலாம். இன்னும் பெருசா போகும்.”

சுமலதா கொஞ்சம் யோசித்தாளாம். அப்படி ஒரு கதவு திறந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

“மிரட்டல சார். டீ வாங்கிக் குடுத்தாங்க,” என்றாள். “அவரு காப்பு கட்டிக்கிறாரு. பத்து நாளைக்குப் போன் தொடமாட்டாரு.”

“பத்து நாள் கழிச்சுக் கூப்பிடட்டுமா?”

“நீங்க கூப்பிடமாட்டீங்க சார்,” என்று சொல்லி வைத்துவிட்டாள். அவர் கூப்பிடவில்லை.

அன்று சாயந்திரம் ஈச்சந்தாங்கலில் கொடியேற்றம். அரிகிருஷ்ணனை நாற்காலியோடு தூக்கி வந்து வேப்பமரத்து நிழலில் வைத்திருந்தார்கள். கோயில் பெரியவர் முறைக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, “கொள்ளு முறை, அரிகிருஷ்ணன் மகன் தனசேகரன்!” என்றார். தனசேகரன் போய்க் குதிரை முன்னால் கொள்ளைக் குவித்துச் சுருட்டைப் பற்றவைத்தான். புகை ஏறி இருமினான். கொள்ளு கொட்டும்போது பங்காளி என்ற முறையில் துண்டின் மறுமுனையைப் பிடிக்க வேண்டியவர் ராஜாராம்.

“போன்ல பாத்தேன்டா,” என்றார் துண்டைப் பிடித்துக்கொண்டே. “சித்தப்பாகூட அம்மாம் சத்தமா கேட்டதில்ல. எனக்கு இந்த ஜென்மத்துல கெடைக்காதுன்னு நெனைக்கிறேன்.”

“கெடைக்காதுண்ணே,” என்றான் தனசேகரன்.

அரிகிருஷ்ணன் அன்று ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டதாக ரஞ்சனி சொன்னாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒரே வாரத்தில் ஒரு லட்சம் பேர் சேனலை விட்டுப் போனார்கள். மனைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். வெள்ளைக் கார் ஆரணிக்காரர் ஒருவரிடம் போயிற்று. மாடியில் ஒரு டீச்சர் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. பழைய வழக்குக்கு மாதம் ஒரு தடவை கோர்ட்டுக்குப் போய் வருகிறான். இப்போது காலையில் மார்க்கெட் கமிட்டிக்குப் போய், நெல்லும் மல்லாட்டையும் எத்தனை மூட்டை வந்தது, என்ன விலை போனது என்று போனில் சொல்கிறான். விவசாயிகள் கேட்கிறார்கள். முன்பு வந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. ஆனால் ஆள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். மத்தியானம் படுத்தால் தூங்குகிறான். சுமலதா பழைய வீடியோக்களைத் தினம் ஒன்றாக நீக்கிக்கொண்டு வருகிறாள். புங்கனேரியும் கடைத்தெருவும் முதல் நாளே போய்விட்டன. மீதி இன்னும் நிறைய இருக்கின்றன.

மதார் பாயிடம் சொல்ல ஆரம்பித்ததை அவன் இதுவரை சொல்லி முடிக்கவில்லை. வண்டிக்குக் காற்றடிக்க அங்கேதான் போகிறான். அவரும் அடித்துவிட்டு ஐந்து ரூபாயை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

இந்த வருஷம் பங்குனியில் கோயில் நோட்டீஸ் அச்சாகி வந்தது. கொள்ளு உபயம் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஜனாப் ஷேக் மதார், செஞ்சி. அதற்குக் கீழே தனசேகரன் பெயர். அச்சகத்தில், “பேருக்கு முன்னால ‘கோட்டை முழக்கம்’ போட்டுடலாமா சார்? அப்பதான ஜனங்களுக்குத் தெரியும்?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“வேணாம்,” என்றானாம். “எங்க நைனா பேரப் போட்டு, பக்கத்துல ஊரு பேரப் போடுங்க. ஈச்சந்தாங்கல்.”